பேய் மாமாவின் பொது அறிவு

பிள்ளைகளே, போன கிழமை பத்திரிகையில் வந்த என் அத்தியாயத்தை வாசித்துவிட்டு மூத்தவள் ரெலிபோன் எடுத்தாள். நல்லாயிருக்கு என்று சொல்லத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்பா, வெள்ளவத்தை வீட்டிலை எனக்கு ஒரேயொரு விசயம்தான் வடிவா ஞாபகம். இருட்டு. உங்கட உள்ளங்கை என்ர வாயிலை. மண்ணெண்ணெய் மணம். எனக்கு மூச்சு முட்டினது. ஏன் அப்பா அப்பிடிப் பிடிச்சனீங்கள்?"

பக்கத்தில் நின்ற சின்னவன், "நீ அண்டைக்கும் வாய் ஓயாமல் கதைச்சிருப்பாய்" என்றது எனக்கும் கேட்டது.

இல்லை மகன். அவள் அன்றைக்குக் கதைக்கவே இல்லை. ஒருவரைக் கூப்பிடுவதற்காக மூச்சை இழுத்தாள். கூப்பிட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். பதில் சொல்லியிருந்தால் அவரைக் கொண்டுபோயிருப்பார்கள். அதுதான் விசயம்.

உங்கள் இரண்டு பேருக்கும் இதை நான் முன்னமே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய ஆள் நான்தானா என்று யோசித்தே காலம் போய்விட்டது. இப்போது பத்திரிகைக்காரர் இடம் தந்திருக்கிறார், எழுதிவிடுகிறேன்.

தண்ணீர் இல்லாத கிணறு

நாங்கள் இருந்தது கொழும்பில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற சந்து மாதிரி ஒழுங்கை ஒன்றில், ஒடுங்கிய மூன்று தட்டுக் கட்டிடம். கீழே ஜப்பார் நானாவின் குடும்பம். நடுத்தட்டில் நாங்களும், எங்களுக்கு எதிர் வீட்டில் பிலோமினா ரீச்சரும். மேல் தட்டு முழுவதும் ஒரே வீடு. அந்த வீட்டுக்காரர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். முன்கதவில் பெரிய ஆமைப்பூட்டு. அதன் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, ரீச்சரிடம் இருந்தது. இடைக்கிடை போய்த் தூசி தட்டிவிட்டு வருவார்.

குசினி என்கிற சமையலறைகள் எல்லாம் பின்பக்கம். கட்டிடத்தின் நடுவே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் என்று ஒரு சதுர வெளியை விட்டுக் கட்டியிருந்தார்கள். குசினி யன்னல்கள் எல்லாம் அதற்குள்தான் திறக்கும். ஒரு மூலையில் கீழிருந்து மேல்வரை சுழன்று போகிற இரும்புப் படி. அண்ணாந்து பார்த்தால் துண்டு வானம், குனிந்து பார்த்தால் பாசி பிடித்த சீமெந்து. நாங்கள் அதைக் கிணறு என்றுதான் சொல்லுவோம்.

அந்தக் கிணற்றில் குரல் விசித்திரமாக ஓடும். கீழே சொன்னது மேலே கேட்கும், மேலே சொன்னது சுவருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். ரெயில் போகும்போது சுவர் முழுவதும் முணுமுணுக்கும்.

நாட்டில் சண்டை நடந்து, ஊரடங்கும் கரண்ட் கட்டும் ஒன்றாக வந்த காலம் அது. பொழுது பட்டதும் வெளியே போக ஏலாது. உள்ளே இருந்து என்ன செய்வது? ஜப்பார் நானாதான் தொடங்கிவைத்தார், குசினி யன்னலுக்குள்ளால் கேள்வியும் பதிலும்.

நானாவின் கேள்விகள்

நானா பம்பலப்பிட்டியில் பாட்டுக் கசெற் பதிவு செய்து கொடுக்கிற கடை வைத்திருந்தார். அதற்கு முந்தி கொட்டாஞ்சேனைப் பக்கத் தியேட்டர் ஒன்றில் படம் ஓட்டியவர். சினிமாவும் பாட்டும் அவருடைய பாடம். சமயச் சின்னங்கள், சுரூபங்கள், வாகனங்கள் எல்லாம் ரீச்சரின் பாடம். நான் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம். பத்தாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் புறக்கோட்டை நடைபாதையில் பொது அறிவுப் புத்தகம் கண்டால் விடமாட்டேன். இரும்புக்கடையில் சாமான் வாங்க ஆளில்லாத நேரத்தில் அதைத்தான் வாசிப்பேன்.

"ஆக்டர் பாடிக்கொண்டே நடிக்கிறாரா, பாட்டை முந்தியே பதிஞ்சு வெச்சி வாயசைக்கிறாரா? சொல்லுங்க பாப்பம்."

"முந்தியே பதிஞ்சு வைச்சு, நானா."

"சரி. நடராசர்ட எந்தக் கையில நெருப்பு ஈக்கி?"

"அது என்ர கேள்வி, நானா. நீங்கள் உங்கட பாடத்தைப் பாருங்கோ" என்பார் ரீச்சர்.

நானா தியேட்டர்க் கதையும் சொல்லுவார். படச்சுருள் இறுகி நின்றுவிட்டால், விளக்குச் சூட்டில் அந்த ஒரு படம் மட்டும் எரியத் தொடங்குமாம். "கதாநாயகிட நெத்தியில முதல்ல ஒரு பழுப்புப் பொட்டு வரும். அது பெருகும். பொறவு கண்ணு, மூக்கு எல்லாம் உருகிப் போகும். ஆனா பாட்டு மட்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு கேக்கும். சனம் விசிலடிக்கும். நான் உள்ளுக்கு நிண்டு நடுங்குவன்."

இருட்டில் இருந்து இதைக் கேட்டால் உங்கள் அம்மா யன்னலை விட்டு ஓரடி பின்னால் போவா.

தட்டிலை என்ன?

ஒருநாள் ரீச்சரின் முறை. குப்பி விளக்கு ஒன்றுதான் எங்கள் குசினியில். மழை வரப்போகிற புழுக்கம்.

"கொட்டாஞ்சேனையிலை எங்கட பெரிய கோயில். அதிலை லூசியம்மாள் சுரூபம். கையிலை ஒரு தட்டு வைச்சிருக்கிறா. தட்டிலை என்ன?"

நான் கொழும்புக்கு வந்த புதிதில் கொட்டாஞ்சேனையில்தான் அறை எடுத்து இருந்தேன். அந்தக் கோயில் மணிக்குத்தான் தினமும் எழும்பினேன். ஆனால் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

"பூ" என்றாள் மூத்தவள்.

"இல்லை."

"பழம்?"

"இல்லை."

"வட்டிலப்பம்" என்றார் நானா கீழிருந்து, தன் வீட்டுப் பெருநாள் இனிப்பை நினைத்து. எல்லோரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியது. ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கேயோ ஒரு நாய் குரைத்து நின்றது. அப்போதுதான் மேலே, பூட்டியிருந்த வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"கண்."

பிறகு, கொஞ்சம் பொறுத்து, "இரண்டு கண்."

கனநாள் திறக்காத கதவைத் திறப்பது போன்ற குரல். ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியவில்லை. எதிர்க் குசினியில் ரீச்சரின் கையிலிருந்து அகப்பை விழுந்த சத்தம் கேட்டது.

"சரி" என்றார் ரீச்சர். "அவவின்ர கண்ணைப் பிடுங்கினவை எண்டு சொல்லுறவை. அதுதான் தட்டிலை ஏந்திக்கொண்டு நிக்கிறா."

அன்றைக்கு அதோடு எல்லோரும் யன்னலைச் சாத்திவிட்டோம்.

வயலின்காரர்

கனடா குடும்பத்துக்கு முந்தி மேல் வீட்டில் ஒரு வயலின் வாத்தியார் தனியே இருந்தவராம். குசினிக் கதிரையில் இருந்தபடியே செத்துப்போனாராம். அவர்தான் என்று நானா தீர்ப்புச் சொன்னார்.

"வயலின் வாத்தியாருக்கு லூசியம்மாளை எப்பிடித் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"செத்த ஆக்களுக்கு எல்லாம் தெரியும்" என்றா உங்கள் அம்மா.

குரல் தினமும் வராது. எங்களில் ஒருவருக்கும் தெரியாத கேள்விக்கு மட்டும்தான் வரும். முந்திக்கொண்டு சொல்லாது. நாங்கள் எல்லோரும் தோற்று, கிணறு அமைதியான பிறகு, ஒரு சொல். அதிகம் போனால் இரண்டு சொல். பெரியவர்களுக்கு முதுகு சில்லிடும். உங்களுக்கு என்ன பயம்? மூத்தவளே, நீதான் அதற்குப் பெயர் வைத்தாய். விடை தெரியாவிட்டால் யன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு, "பேய் மாமா, நீங்கள் சொல்லுங்கோ" என்று கூப்பிடுவாய். நீ கூப்பிட்டால் கட்டாயம் பதில் வரும்.

உங்கள் அம்மாவுக்கு முதலில் பயம், பிறகு இரக்கம். "இவ்வளவு பதில் சொல்லுறார். ஒருவாய் படைக்காமல் இருக்கிறது சரியில்லை" என்றா. ஒரு வெள்ளிக்கிழமை சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு வாழைப்பழம். தட்டை மூடி, இரும்புப் படியால் ஏறிப்போய் மேல் வீட்டுப் பின்கதவடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தா.

விடிய எழும்பிக் குசினிக் கதவைத் திறந்தால் தட்டு எங்கள் படியில் இருந்தது. கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்திருந்தது.

அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"இஞ்சருங்கோ, பேய் தட்டுக் கழுவுமே?"

 எனக்குப் பேயென்று நினைத்தபோது வராத பயம் அப்போதுதான் வந்தது.

ரீச்சர் சொன்னது

திறப்பு ஒருவரிடம்தான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் எதிர் வீட்டுக்குப் போனோம். ரீச்சர் தட்டைக் கண்டதும் கதவைச் சாத்தினார்.

"என்ர அண்ணன்ர பொடியன். மன்னாரிலையிருந்து வந்தவன். ஒருக்கா ஆமிக்காரங்கள் பிடிச்சு வைச்சிருந்து விட்டவங்கள். திரும்பப் பிடிச்சா விடமாட்டாங்கள். முழங்காலிலை தழும்பு இருக்கு. இயக்கத்திலை பயிற்சி எடுத்த தழும்பு எண்டுறாங்கள், அது சைக்கிளாலை விழுந்தது. ஆர் நம்பப்போறான்? வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்சிக்காரன் நாளைக்கு எண்டுறான், நாளையிண்டைக்கு எண்டுறான்."

"அப்ப ஏன் ரீச்சர் வாய் திறக்க விட்டனீங்கள்?"

"நானே விட்டனான்? பகல் முழுக்க லைற் இல்லாமல், நடக்காமல், இருமாமல் இருக்கிறான். பின்னேரத்திலை நீங்கள் எல்லாரும் கேள்வி கேக்கிறியள். சின்னனிலையிருந்து பொது அறிவிலை பரிசு வாங்கின பிள்ளை. விடை தெரிஞ்சும் சும்மா இருக்க ஏலாது மாமி எண்டு அழுகிறான். நேற்றுச் சத்தியம் வாங்கிப்போட்டன், இனி வாய் திறக்கமாட்டன் எண்டு. ஆனால் உங்கட பிள்ளை கூப்பிட்டால் என்ன செய்வானோ தெரியாது. எனக்கு அதுதான் பயம்."

அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதில்லை என்பதில் எங்கள் மூவருக்கும் ஒரே முடிவுதான். நானாவுக்கும் சொன்னோம். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "கேள்வி விளையாட்ட நிப்பாட்டப்படாது. ஒழுங்கை முழுக்கக் கேட்டுக்கொண்டு ஈக்கிற. திடீரெண்டு நிண்டா ஏன் எண்டு கேப்பாங்க. லேசான கேள்வியாக் கேப்பம். எல்லாத்துக்கும் நாமளே பதில் சொல்லுவம்."

அப்படியே செய்தோம். ஒருவருக்கும் தெரியாத கேள்வி என்று ஒன்று வராமல் பார்த்துக்கொண்டோம். மூத்தவளுக்குச் சப்பென்று போய்விட்டது. "பேய் மாமா செத்துப்போனாரே?" என்று கேட்டாய். உனக்கு உண்மையைச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிடுவாய்.

ஆனால் கதை எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. காலி வீதியில் முடிவெட்டப் போனேன். சவரக்கத்தி கழுத்தில் இருக்கும்போது கடைக்காரர் எனக்கே சொல்லுகிறார்: "ஐயா, உங்கட ஒழுங்கையிலை ஒரு பேய் இருக்காம். சினிமா, சங்கீதம், சாமி, என்ன கேட்டாலும் பதில் சொல்லுதாம்."

நான் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபடி, "அப்பிடியே?" என்றேன்.

புதுக் குரல்

அதற்குப் பிறகு ஒரு கிழமை போயிருக்கும். ஊரடங்கு. கரண்ட் போய் விளக்குக் கொளுத்திய நேரம். குழாயில் தண்ணீரும் வரவில்லை, குசினியில் குடம் வெறுமையாகக் கிடந்தது. நான் மண்ணெண்ணெய் வார்த்த கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டிருந்தேன். நானா வழக்கம் போலக் கனைத்துவிட்டு, ஒரு பாட்டைப் பற்றித் தொடங்கினார். தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

கிணற்றின் அடியிலிருந்து வேறொரு குரல்.

"நான் ஒரு கேள்வி கேக்கலாமோ?"

நல்ல தமிழ். எங்களுடைய தமிழ் மாதிரியே. ஆனால் அந்தக் கட்டிடத்தில் இருக்கிற யாருடைய குரலும் இல்லை. ஊரடங்கு நேரத்தில் வெளியிலிருந்து உள்ளே வந்து நிற்கக்கூடியவர்கள் யார் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

"எமன் எந்த வாகனத்திலை வருவான்?"

 கிணறு அமைதியாகிக்கொண்டு வந்தது. அந்த அமைதிதான் ஆபத்து என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது. அமைதியானால் மேலே இருப்பவன் சொல்லிவிடுவான்.

"எருமை" என்றேன். 

"சரி. சினிமாவிலை ஒரு விநாடிக்கு எத்தனை படம் ஓடும்?"

"இருவத்திநாலு" என்றார் நானா. உடனே சொன்னார்.

"சரி. இராயப்பர் சுரூபத்திலை கையிலை என்ன இருக்கும்?"

பேதுருவைத்தான் கத்தோலிக்கர் இராயப்பர் என்பார்கள். இதற்கு ரீச்சர்தான் சொல்ல வேண்டும்.  அவருடைய யன்னலிலிருந்து மெல்ல வந்தது.

"திறப்பு."

"ஓம்" என்றது கீழேயிருந்த குரல். "திறப்பு."

அவ்வளவுதான் சொன்னது. ஆனால் சொல்லிவிட்டு நிறுத்திய விதம் இருக்கிறதே. ரீச்சரின் வீட்டு விளக்கு அணைந்தது. காற்றா, அவரே ஊதினாரா, தெரியாது.

"கடைசிக் கேள்வி. சங்கீதத்திலை ஏழு சுரம். ஒவ்வொண்டும் ஒரு பறவையின்ர, இல்லாட்டி மிருகத்தின்ர குரல். ச எண்டால் மயில். நி எண்டால் யானை. ம எந்தப் பறவை?"

வயலின்காரப் பேய்க்கென்றே தேடி எடுத்து வந்த கேள்வி. நானாவுக்குத் தெரியாது. ரீச்சருக்குத் தெரியாது. நான் வாசித்த புத்தகங்களை எல்லாம் மனதுக்குள் புரட்டினேன். ப குயில் என்று ஞாபகம் வந்தது. த குதிரை. ம மட்டும் வரவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ தெரியாத கேள்வி வந்திருக்கிறது. ஒரு விடை தெரியாததால் ஒரு பிள்ளை போய்விடப்போகிறது என்று அன்றைக்குத்தான் நின்றேன்.

"ஒருத்தருக்கும் தெரியாதோ?" என்றது குரல். "மேலை இருக்கிறவருக்கு?"

மேலே, பூட்டிய வீட்டில், ஏதோ அசைந்தது. கதிரை நகர்ந்ததா, ஆள் எழும்பியதா, தெரியாது. அதே நேரம் என் பக்கத்தில் நீ மூச்சை உள்ளே இழுத்தாய் மூத்தவளே. உன் தோள் உயர்ந்தது. அந்த மூச்சில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கை கழுவ நேரமில்லை. அப்படியே பொத்தினேன். உன் பல்லு என் உள்ளங்கையில் பட்டது.

அப்போது அந்தக் குரல் கேட்டது. அதே குரல். பேய் மாமாவின் குரல்.

"தெரியாது."

 மேலே இருப்பவன் வாய் திறந்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். உங்கள் அம்மா யன்னலடியில் குந்தியிருந்தா. வெறுங்குடத்தை மடியில் சாய்த்து, அதன் வாய்க்குள் தன் வாயை வைத்து, இன்னொருக்கால் சொன்னா.

"எனக்கும் தெரியாது."

குடம்

டோர்ச் லைற் வெளிச்சம் கிணற்றுச் சுவரில் ஏறி எங்கள் யன்னலில் வந்து நின்றது. இரும்புப் படியில் சப்பாத்துச் சத்தம். வந்தவர் அரைக்கைச் சட்டை போட்ட, ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரியான மனுசன். பின்னால் சீருடையில் இரண்டு பேர்.

அம்மா குடத்தோடு எழும்பி நின்றா.

"பிள்ளையளை வெருட்ட இப்பிடிச் செய்யிறனான், ஐயா. சாப்பிடமாட்டினம், படுக்கமாட்டினம். பேய் எண்டால்தான் கேப்பினம்."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அம்மா குடத்துக்குள் சொன்னா. பின்னால் நின்ற ஒருவன், "மொகத மேக?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான். இதென்ன கூத்து என்ற மாதிரி.

அரைக்கைச் சட்டைக்காரர் சிரிக்கவில்லை. குடத்தை வாங்கித் தன் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். "ஆர் நீ?" என்று அதற்குள் கேட்டார். குடம் அதையே திருப்பிச் சொன்னது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு மேல் தட்டுக்கு ஏறினார். பின்கதவைத் தள்ளிப் பார்த்தார். உள்ளே தாழ்ப்பாள். முன்பக்கம் போய் ஆமைப்பூட்டை இழுத்துப் பார்த்த சத்தம் வந்தது. என் கை இன்னும் உன் வாயில்தான் இருந்தது. எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மன்னித்துக்கொள்.

இறங்கி வரும்போது எங்கள் படியில் ஒருக்கால் நின்றார்.

"அந்தப் பறவை அன்றில். பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுங்கோ."

சப்பாத்துச் சத்தம் கீழே போய், ஒழுங்கையில் ஜீப் ஒன்று உறுமி, அதுவும் போனது. யாரும் யன்னலைச் சாத்தவில்லை.  நானா கீழேயிருந்து, "தங்கச்சி, குடத்தக் கவனமா வெச்சிக்கோங்க" என்றார். அம்மா அப்போதுதான் அழத் தொடங்கினா.

போனவன்

அடுத்த ஞாயிறு விடிய ரீச்சர் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பூசைக்குப் போனார். கூட ஒரு ஆள் போனதாகச் சத்தத்தில்தான் தெரிந்தது. இரண்டு பேரின் செருப்புச் சத்தம். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று ரீச்சர் கேட்டிருந்தார். இன்றுவரை அந்தப் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாது. கனமாதம் கழித்து, பிரான்சிலிருந்து பேசினான் என்று ரீச்சர் படியில் வைத்துச் சொன்னார். அவ்வளவுதான்.

அவன் போன பிறகு மேல் வீட்டை ஒருக்கால் பார்த்துவிடச் சொல்லி ரீச்சர் திறப்பை என்னிடம் தந்தார். அவரால் ஏற முடியவில்லை. பகல் நேரம். உங்கள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தா. நான் தனியே போனேன்.

வீடு கூட்டித் துப்புரவாக இருந்தது. ஒருவர் இருந்ததற்கு அடையாளமே இல்லை. பாயில்லை, குப்பையில்லை, சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. குளியலறைக்குப் போனேன். குழாயின் வாயில் ஒரு பழஞ்சீலைத் துண்டைச் சுற்றி, அதன் நுனியை வாளியின் அடிவரைக்கும் தொங்கவிட்டிருந்தான். சொட்டுத் தண்ணீர் சீலையால் வழிந்து இறங்கும். விழுகிற சத்தம் கேட்காது.

நான் அந்தச் சீலையை அவிழ்த்துப் பிழிந்து வைத்தேன். பிறகு குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, வாளி நிறைந்து, வழிந்து, நிலமெல்லாம் ஓடும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.